மூன்றாவது பீப்புக்குப் பிறகு

வாசலில் இருந்த காவலாளி எழுந்து நிற்கவில்லை.

"யாரைப் பார்க்கணும்?"

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு காலத்தில் அது போதும். கண்ணாடியைக் கழற்றினால் கதவு திறக்கும், நாற்காலி வரும், யாரோ ஒருவர் குடை பிடிப்பார். காவலாளி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் செருப்பைப் பார்த்தார். இரண்டிலும் அவருக்குத் தகவல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"டப்பிங்," என்றாள்.

"டப்பிங்னா பின்பக்கமாப் போங்கம்மா. இந்த வழி நடிக்கிறவங்களுக்கு."

வாக்குவாதம் செய்திருக்கலாம். செய்யவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. இந்த ஸ்டுடியோவுக்குள் அவள் எத்தனையோ முறை முன்வாசல் வழியாக வந்திருக்கிறாள். பின்பக்கம் ஒரு வழி இருப்பது தெரியும், பார்த்ததில்லை. அது குரல்கள் வருகிற வழி.

சுவரோரமாக நடந்தாள். உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த விளக்குக் கம்பங்கள், பாசி. கடைசியில் ஓர் இரும்புக் கதவு. கதவெல்லாம் துரு, கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது. பல வருடங்களாகப் பல கைகள் பிடித்துப் பிடித்து வந்த பளபளப்பு. அக்காவின் கையும் அதில் இருந்திருக்கும்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். முழங்கையால் தள்ளித் திறந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை.

உள்ளே வினிகர் நாற்றம்.

லேசான நாற்றம் அல்ல. மூக்கின் வழியே ஏறிக் கண்ணைக் கரிக்கிற நாற்றம்.

"பழைய ஃபிலிம் மேடம்," என்று ஒரு குரல் முன்னால் வந்தது, பிறகு ஆள் வந்தார். ஒலிப்பதிவாளர். வழுக்கைத் தலை, ஏசி குளிருக்குக் கழுத்தைச் சுற்றி மஃப்ளர். "கெட்டுப்போக ஆரம்பிச்சா இப்படித்தான் நாறும். உடம்பு பூரா ஏறிடும். வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி தள்ளிப் படுங்கறா."

அவள் சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கொஞ்சம் திகைத்ததைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு கரகரப்பானது. பேச்சு அதைவிட. சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவது போல இருக்கும். இருபது வயதிலும் அப்படித்தான் இருந்தது.

"தொண்டை கட்டியிருக்கா மேடம்?"

"வயசு."

"அதானே," என்று நிம்மதியானார். "நான் உங்க பெரிய ரசிகன் மேடம். முகத்துக்கு எல்லாரும் ரசிகர்தான். நான் குரலுக்கு. மாசக்கணக்கா உங்க குரலைத்தான் உக்காந்து சுத்தம் பண்ணிட்டு இருக்கேன். கீறல் ஒண்ணு விடாம எடுத்திருக்கேன். அப்பப்பா, என்ன குரல்!"

முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தப் பாராட்டுக்கு அவள் பதில் சொன்னதில்லை. தலையை லேசாகச் சாய்ப்பாள், அவ்வளவுதான். சாய்த்தாள்.

*

அவளுடைய தொழில் கழுத்தில் தொடங்கியது. நகை விளம்பரம் ஒன்றில் அவள் கழுத்தை மட்டும் எடுத்தார்கள். தலை வேறொருத்தியுடையது. பிறகு ஒரு ஷாம்பு விளம்பரத்துக்கு முதுகும் கூந்தலும். பிறகுதான் சோப்பு விளம்பரத்தில் முகம் வந்தது. அந்தச் சோப்பு நின்றுபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் அவளைச் சோப்பு என்று சொல்வது நிற்கவில்லை.

அதைப் பார்த்துத்தான் இந்திப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பாட்டை ஒருத்தி பாடினாள். தூரத்து ஷாட்டில் வேறொருத்தி ஆடினாள். மாடியிலிருந்து குதிக்க வேண்டிய இடத்தில் அவளுடைய உடையைப் போட்டுக்கொண்டு ஒரு ஒல்லியான ஆண் குதித்தான். அவளுடையது என்று மிஞ்சியது முகமும், முகத்துக்குக் கீழே கொஞ்சமும்.

பேசியது அக்கா.

அக்கா என்றால் உறவு இல்லை. இரண்டு பேர் வீட்டிலும் பேசுகிற மொழி ஒன்று, அதனால் அக்கா. இந்திப் படம் எடுக்கிற அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்ததால் அக்காவுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. முகத்தில் அம்மைத் தழும்பு. நாலடிச் சொச்சம் உயரம். வாயைத் திறந்தால் மட்டும் எதிரில் இருப்பவர் தன்னை அறியாமல் ஒரு அடி கிட்டே வருவார். அப்படி ஒரு குரல். சூடான துணியால் முகத்தைத் துடைப்பது போல இருக்கும்.

"முகம் வந்தாச்சா, குரல் வந்தாச்சா?" என்று யூனிட்டில் கேலியாகக் கேட்பார்கள். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால், "என்ன முகம், சாப்பிட்டியா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதில் முள் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. குரல் அவ்வளவு இதமாக இருக்கும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் வைத்து இந்தி கற்றாள். ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்துவிட்டுத் தயாரிப்பாளர் முன்னால் நின்று ஒரு காட்சி முழுவதையும் பேசிக் காட்டினாள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"உன் உதடு அழகா அசையுதும்மா," என்றார். "அதை மட்டும் பாத்துக்கோ."

அன்று மாலையே ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். உங்கள் வசனத்தை நீங்களே பேசுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், ஆசிரியர் வைத்துப் படித்து நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அச்சில் வந்த பிறகு திரும்பப் பெற முடியாது. பிறகு திரும்பப் பெறத் தோன்றவும் இல்லை. அக்காவின் பெயர் எந்தப் படத்தின் டைட்டிலிலும் வந்ததில்லை, இனி வரவும் போவதில்லை என்று ஆகிவிட்டது.

அக்கா போனில் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை.

"நீயே பேசினேன்னு சொன்னியாமே. சரி, இருக்கட்டும். ஒரு நாள் நிஜமாவே பேச வருவேல்ல, அப்ப வாயைத் திறந்து பாரு முகம். யாரு வர்றான்னு பாரு."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

சில வருடங்களுக்கு முன் அக்கா இறந்துபோனதை மேக்கப்மேன் சொன்னார். வாடகை அறையில், தனியாக. பக்கத்து அறைக்காரர்களுக்கு அவள் யார் என்றே தெரியாதாம். "'ரேடியோ எப்பவும் ஓடிட்டே இருக்கும், இப்ப நின்னுபோச்சுன்னு நினைச்சோம்'னு சொன்னாங்களாம் மேடம்," என்றார். அவள் போகவில்லை. போய் என்னவென்று அறிமுகப்படுத்திக்கொள்வது?

*

ஒலிப்பதிவாளர் விஷயத்தைச் சொன்னார். அவள் நடித்த பழைய இந்திப் படம் ஒன்றைப் புதுப்பித்துத் திரையிடப் போகிறார்கள். படம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு ரீலின் ஒலி மட்டும் வினிகராகி உதிர்ந்துவிட்டது.

"அந்த ஒரு ரீல் மட்டும் ஊமை மேடம். வேற ஹீரோயினா இருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்? டப்பிங் பேசினவங்க எங்கேன்னு தேடிட்டு அலைஞ்சிருப்போம். நல்லவேளை, நீங்களே பேசினது."

அவளைக் கூப்பிட்டதே அந்தப் பொய்யை நம்பித்தான். அது தெரிந்தேதான் வந்திருந்தாள். வந்ததற்கு ஒரே காரணம் மகள்.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள். விடுமுறை நாளில் கூப்பிடுவாள். "நல்லா இருக்கியா? நல்லா இருக்கேன். வைக்கிறேன்." சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடும் அளவுக்குப் பேசினால்தானே.

அது எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். மகளுக்கு நாலு வயது. டிவியில் அவள் நடித்த படம். திரையில் இருந்தவள் ஒரு குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். மகள் டிவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"அது நீ இல்ல."

"நான்தான்டி."

"இல்ல. அந்த அம்மா நல்லாப் பேசுறாங்க." கொஞ்ச நேரம் கழித்து, கெஞ்சலாக, "நீயும் அப்படிப் பேசேன்."

அன்று அவள் குழந்தையை அடித்துவிட்டாள். முதுகில், ஓங்கி. குழந்தை அழவில்லை. டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம் மகளிடம் சொன்னாள். "ஒரு படத்துல நானே பேசப்போறேன். திரையிடுறப்ப வர்றியா?"

"உன் சொந்தக் குரல்லயா?"

"என் குரல்லதான்."

"அப்ப வர்றேம்மா," என்றாள். வேலை இருக்கிறது, விடுப்பு கிடைக்காது என்று எதுவும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகும் அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

*

கண்ணாடி அறை சிறியது. சுவரெல்லாம் துளையிட்ட பலகை. நடுவில் மைக், முன்னால் திரை, ஒரு ஸ்டூல். ஸ்டூலின் முன்விளிம்பு தேய்ந்து குழிந்திருந்தது. குள்ளமான ஒருவர் மைக் எட்டுவதற்காக நுனியில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த குழி.

அவள் நின்றுகொண்டாள்.

"காதுல மூணு பீப் வரும் மேடம்," ஹெட்போனில் ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது. "நாலாவது வரவேண்டிய இடத்துல வராது. அந்த இடத்துல நீங்க பேசணும். படத்துல சத்தமே இல்ல, கதவு தட்டுறதெல்லாம் நாங்க அப்புறம் சேர்த்துக்குவோம். விளக்கை அணைக்கிறேன்."

திரையில் அவள் வந்தாள். இருபத்து மூன்று வயது. மழையில் நனைந்து, மூடிய கதவு ஒன்றின் முன்னால். கதையில் அவள் பல வருடங்கள் கழித்துத் தன் குழந்தையிடம் திரும்பி வருகிறாள். கதவைத் தட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். இந்தியில் ஒரே வரி. கதவைத் திற, நான்தான் வந்திருக்கிறேன்.

பீப்.

பீப்.

பீப்.

அவள் சொன்னாள். கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து. கதவைத் திற, நான்தான் வந்திருக்கிறேன்.

உதடு பொருந்தியது. அந்த இளம் முகத்திலிருந்து அந்தக் கிழட்டுக் குரல் வந்தபோது அவளுக்கே சிலிர்த்தது. அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் முதல்முறையாக அந்த முகம் பொய் சொல்லவில்லை. கண் கலங்கியது. மகள் இதைக் கேட்பாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் அதை இரண்டு முறை ஓட்டிக் கேட்டார்.

"மேடம்... தப்பா நினைச்சுக்காதீங்க. மத்த ரீலோட ஒட்டல."

"வயசாச்சுன்னு சொன்னேனே."

"வயசு வேற மேடம். வயசானா கீழே இறங்கும், நடுங்கும். ஆளு மாறாது. இது... வேற ஆளு பேசுற மாதிரி இருக்கு." தயங்கினார். "நம்மளுக்குள்ள இருக்கட்டும். அப்ப யாராவது உங்களுக்காகப் பேசினாங்களா? இருந்தா தாராளமாச் சொல்லுங்க. புதுசா டைட்டில் போடுறாங்க, அவங்க பேரையும் போட்டுடலாம். இந்த ரீலையும் உங்க சொந்தக் குரல்லயே விட்டுடலாம், அதுவும் ஒரு அழகுதான். ஒரு பேரு சொன்னீங்கன்னா போதும்."

ஒரு பெயர்.

நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவளுக்கு அவள் குரல், அக்காவுக்கு அவள் பெயர். ஆனால் நாளைக்கே எல்லாரும் சிரிப்பார்களே என்று நினைத்தாள். சோப்புக்கு வாயும் சொந்தமில்லையாம் என்பார்கள்.

"நான்தான் பேசினேன்," என்றாள். "எல்லாத்தையும் நான்தான்."

"சரி மேடம். அப்ப அந்தக் குரலைத்தான் பிடிக்கணும்." அவர் குரலில் ஏமாற்றம். "இந்தத் துண்டைச் சுத்தவிடுறேன். திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும். நிறுத்தமாட்டேன். பேசிப் பேசிப் பாருங்க, எங்கேயாவது வந்து உக்காரும்."

மறுபடியும் இருட்டு. மழை, கதவு, முகம்.

பீப். பீப். பீப்.

பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஹெட்போனில் இன்னொரு மூச்சு கேட்டது.

அவளுடையது அல்ல. மைக்குக்கு வெகு அருகே, பழக்கப்பட்ட ஒருவர் இழுக்கிற அளவான மூச்சு.

வரியைத் தவறவிட்டாள். திரையில் உதடுகள் சும்மா அசைந்தன. துண்டு முடிந்து மறுபடி தொடங்கியது.

வினிகர் நாற்றம். கதவிடுக்கு வழியே வரவில்லை. கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

பீப். பீப். பீப்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கதவைத் திற, நான்தான் வந்திருக்கிறேன்.

சூடான துணி முகத்தில் பட்டது போல இருந்தது.

"ஐயோ மேடம்!" ஒலிப்பதிவாளர் கத்தினார். "இதுதான்! இதேதான்! எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க இவ்வளவு நேரம்?"

கண்ணாடிக்கு அப்பால் அவர் எழுந்து நின்று கைதட்டுவது தெரிந்தது. அவள் வாய் மூடியிருந்ததை அவர் பார்க்கவில்லை. இருட்டில் அவருக்குத் திரைதான் தெரியும்.

துண்டு மறுபடி தொடங்கியது.

தட் தட் தட்.

ஊமை ரீல். தட்டும் ஓசை அதில் இல்லை.

முதுகுக்குப் பின்னால் எங்கோ அந்த இரும்புக் கதவு, அவள் சாத்தாமல் விட்டது, மெதுவாகக் கிரீச்சிட்டது.

ஸ்டூல் சற்று நகர்ந்தது. யாரோ அதன் நுனியில் உட்கார்வது போல.

"பின்வழியாவா வந்தே முகம்?"

ஹெட்போனில். காதோடு காதாக. சிரித்துக்கொண்டு.

"அந்தக் கைப்பிடியைக்கூடத் தொட மாட்டியா?"

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிய நினைத்தாள். கை எழவில்லை.

"அக்கா," என்று சொல்ல முயன்றாள். காற்று மட்டும் வந்தது.

"இப்பத்தான் ஒரு பேரு கேட்டாரே. சொல்லியிருக்கலாமே நீ." குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு பேருக்காகத்தான்டி நின்னுட்டிருந்தேன். அது காதுல விழுந்திருந்தா போயிருப்பேன்."

பீப்.

"சரி. தள்ளி நில்லு."

பீப்.

"மைக் எனக்கு."

பீப்.

அவள் வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

*

விளக்கு வந்தபோது ரீல் முழுவதும் முடிந்திருந்தது. ஒலிப்பதிவாளர் உள்ளே வந்து, கையைக் குலுக்கக் கை நீட்டி, தைரியம் வராமல் கும்பிட்டார்.

"ஒரே ஒரு சின்ன விஷயம் மேடம். வசனத்துக்கு நடுவுல பின்னால யாரோ மூச்சு வாங்குற மாதிரி கேக்குது. மூச்சு முட்டி, திணறி... பாவமா இருக்கு கேக்க. எங்கேயிருந்து விழுந்துச்சுன்னே தெரியல. உங்க குரலோட ஒட்டல. எடுத்துடட்டுமா?"

வேண்டாம். அது நான். அவள் அலறினாள். முழு உடம்பாலும் அலறினாள்.

"எடுத்துடுங்க," என்றது அவள் வாய், கனிவாக. "ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது."

"டைட்டில்ல குரலுக்கும் உங்க பேருதானே மேடம்?"

"ஆமா. இனிமே எல்லாத்துக்கும் ஒரே பேருதான்."

அவர் தன்னை அறியாமல் ஒரு அடி கிட்டே வந்தார்.

வெளியே போகும்போது அவளுடைய கை அந்த இரும்புக் கதவின் கைப்பிடியைப் பிடித்தது. பழகிய கை போல. காவலாளி எதையோ கேட்டார். அவள் வாய் எதையோ சொன்னது. அவர் எழுந்து நின்றார். குடையை எடுத்துக்கொண்டு கார் வரை கூடவே வந்தார்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கூடத்தில் அவளுடைய படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கழுத்து, முதுகு, முகம். அவற்றின் எதிரே ஆளுயரக் கண்ணாடி.

கண்ணாடியின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். எதையாவது, தன் குரலில், ஒரே ஒரு சொல். இருமலாவது.

எதுவும் வரவில்லை. கண்ணாடியில் மூச்சு மட்டும் படிந்தது. அதையும் நுகர்ந்தாள். வினிகர்.

போன் அடித்தது. மகள். இன்று விடுமுறை நாள் அல்ல.

எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் இவளுக்கு மட்டும்தான் என் குரல் நன்றாகத் தெரியும். இவள் ஒருத்தி கண்டுபிடித்துவிடுவாள். எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஓடி வருவாள். எடுக்க வேண்டும்.

எடுத்தாள்.

"என்னம்மா, பேசிட்டியா? எப்படி வந்துச்சு?"

பதில் சொல்லத் தவித்த அந்த நொடியில், போனிலிருந்து அல்ல, காதுக்கு உள்ளே, மெல்லியதாக:

பீப். பீப். பீப்.

"நல்லா வந்துச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

"ஹலோ? யாரு பேசுறீங்க?" மகளின் குரல் இறுகியது. "அம்மா எங்கே? அம்மாகிட்ட போனைக் குடுங்க."

இத்தனை வருடங்களில் அந்தக் குரலிடம் யாரும் கேட்காத கேள்வியை அவள் மகள் கேட்டுவிட்டாள். அவளுக்கு அழுகை முட்டியது. குடு, குடுன்னு கேளு, விடாதே. கண்ணே, விடாதே.

"குடுங்கன்னு சொல்றேன்ல! யாரு நீங்க?"

"நான்தான்டா," என்றது குரல். "அம்மாதான். நான்தான் வந்திருக்கேன்."

மகள் மறுபடி கேட்பதற்குள் குரல் தொடர்ந்தது.

"அன்னைக்கு உன்னை அடிச்சேன்ல கண்ணு, டிவி முன்னால. முதுகுல. ரொம்ப வலிச்சுதா?"

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. கேட்கத் தெரியவில்லை. அந்தக் கரகரத்த தொண்டையில் அந்தச் சொற்களை வைத்தால் கேலி போல ஒலிக்கும் என்று பயந்து, வருடக்கணக்காக விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"அம்மா?"

"சொல்லுடா."

"உனக்கு என்ன ஆச்சு? குரல் ஏன்..." மகள் நிறுத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, திறப்பதா வேண்டாமா என்று யாரோ தாழ்ப்பாளில் கை வைத்திருப்பது போன்ற அமைதி.

திறக்காதே.

"இல்ல, ஒண்ணுமில்ல," என்றாள் மகள். முப்பது வயதுப் பெண்ணின் குரல் அல்ல. நாலு வயதுக் குழந்தையின் குரல். "இப்படியே பேசும்மா. வைக்காதே. இன்னும் கொஞ்சம் பேசு."

குரல் பேசத் தொடங்கியது. மெதுவாக, தட்டித் தூங்கவைப்பது போல.

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் முதலில் வந்தது. உதடு ஒரு மயிரிழை பின்னால் அசைந்தது. இரண்டு வாக்கியம் போவதற்குள் அந்தத் தாமதமும் சரியாகிவிட்டது.

உதடு அழகாகப் பொருந்தியது. அந்த ஒரு விஷயத்தில் அவளை யாரும் என்றைக்கும் குறை சொன்னதில்லை.